கஸ்பார் சாமியாரின் பூட்ஸும் அங்கமுத்து மேஸ்திரியின் கோலும்

செம்மேட்டுச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சமையல்காரச் சூசை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். "உபதேசியாரே, பெரிய சாமி செத்துப்போயிட்டாருங்க. காப்பி கொண்டுபோய் வெச்சேன். நாற்காலியில உக்காந்தபடிக்கே தல சாஞ்சு கெடந்தாருங்க" என்று சொல்லிவிட்டு வாயில் துண்டை வைத்துக்கொண்டான். பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படுபாவி மனுஷன், சொல்லவேண்டிய ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சூசையின் பின்னால் நடந்தேன்.

இன்று அவருக்கு முப்பதாம் நாள் பூசை. புதிதாக வந்திருக்கும் இளைய சாமியார் என்னைக் கூப்பிட்டு, "இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு இருந்தவர் நீங்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதிப் படியுங்கள்" என்றார். நல்லது நாலு வார்த்தை உண்டு, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மலைக்காய்ச்சல் வந்த வருஷத்தில் கஸ்பார் சாமியார் கீழே ஓடிப்போகவில்லை. கொயினா மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு குடிசை குடிசையாக ஏறி இறங்கினார். என் மனைவி பிழைத்ததும் அந்த மாத்திரையால்தான். இதை எழுதாமல் விட்டால் என்னைப் பொய்யன் என்பீர்கள். எழுதிவிட்டேன், போதும்.

மீதியை எழுதவேண்டியதற்கு நீங்களே காரணம். அடக்கத்தன்று பெட்டியருகே நான் செய்த காரியத்தைப் பார்த்துவிட்டு, உபதேசியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறீர்களாம். பேசுங்கள். பேசுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். அங்கமுத்து மேஸ்திரி என்று ஒருவர். காரவள்ளி அடிவாரத்துக்காரர். நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்தக் கோயிலின் சுவர்களை எழுப்பியவர். அவருடைய பேரைக் கஸ்பார் சாமியார் எல்லோர் முன்னாலும் கெடுத்தார், சாகும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பேரைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன்.

போன யுத்தம் முடிந்த வருஷங்களில் இங்கே இருந்தது ஒரு கூரைக் கொட்டகை. நம் சனம் அதில் தாராளமாக அடங்கிவிடும். பிரான்சு தேசத்திலிருந்து வந்த கஸ்பார் சாமியாருக்கு அது கண்ணில் விழுந்த தூசியாக இருந்தது. பிறந்த ஊரில் தான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் படம் ஒன்றைச் சட்டம் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். முன்னால் நாலு உருண்டைத் தூண், அதன்மேல் முக்கோண முகப்பு, உள்ளே போனால் நடுவில் ஒரு வட்டச்சுவர், அதன்மேல் கவிழ்த்த கிண்ணம்போல் கும்மட்டம், கும்மட்டத்தைச் சுற்றி எட்டுச் சாளரம். கோபுரம் கிடையாது. சுற்றிலும் சாமையும் தினையும் விளைகிற காட்டில், தேவனூர் நாட்டு ஓரத்தில், அதை அப்படியே நட்டுவைக்கப்போவதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு எதிரே சிரித்தவர் ஒருவரும் இல்லை, நானும் சிரிக்கவில்லை.

நேருக்கு நேர் கேட்டவர் ஊர்க்கவுண்டர் ஒருவர்தான். அவர் நம் வேதத்துக்காரர் அல்ல. கல் எடுக்க அவர் நிலத்தைக் கேட்கப் போயிருந்தோம். படத்தை வாங்கிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, உங்க சனம் ஒரு கொட்டாயில அடங்கிப்போவுமே, இத்தன பெரிய ஊடு யாருக்குங்க?" என்றார். "கடவுளுக்கு" என்றார் சாமியார். "அவரு இத்தன நாளும் கொட்டாயிலதானுங்களே இருந்தாரு? ஏதாச்சும் கொறை சொன்னாருங்களா?" சாமியாரின் காது சிவந்துவிட்டது. கவுண்டர் கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அவரைக் கண்டால் சாமியார் வேறு பாதையில் போய்விடுவார்.

செங்கல்லை இங்கேயே சுட்டோம். சுண்ணாம்பு மட்டும் கீழிருந்து வரவேண்டும். அப்போது வண்டிப்பாதை ஏது? சுட்ட சுண்ணாம்பை மூட்டையாகக் கட்டி, காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் முதுகில் சுமந்துதான் ஏறவேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "மழை விடட்டும் சாமி" என்றேன். "மாதா திருநாளுக்குள் சுவர் எழும்ப வேண்டும், உபதேசியாரே. ஏறச் சொல்லும்" என்றார். ஏறினார்கள். பாதிவழியில் மூட்டை நனைந்து, கொதித்து, வெறும் முதுகில் வழிந்தது. மேலே வந்து சேர்ந்தபோது நாலு பேருக்குத் தோளிலிருந்து இடுப்புவரை தோல் உரிந்திருந்தது. நான் தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாமியார் வெளியே வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சுண்ணாம்பு நனைந்துவிட்டதா?"

சுமந்துவந்தவர்கள் மூட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மழை முடியும்வரை ஒருவரும் திரும்பி வரவில்லை. சாமியார் ஆள் அனுப்பினார், நானே போய்க் கெஞ்சினேன், அசையவே இல்லை. மாதா திருநாள் கூரைக் கொட்டகையிலேயே நடந்தது.

அங்கமுத்து மேஸ்திரி வந்தது அதற்கு அடுத்த தை மாதத்தில். நாற்பது வயதிருக்கும். கறுத்து, ஒடிசலாக, பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்க்கிற ஆள். கோயில் வேலை, சத்திர வேலை என்று கீழ்நாட்டில் நல்ல பேர் எடுத்தவர். அவர் கட்டின சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது வீண் வேலை என்று மற்றக் கொத்தனார்களே சொல்வார்கள். சாமியார் படத்தைக் காட்டி, "வட்டச்சுவரின் உட்புறம் குறுக்கே பதினெட்டு அடி" என்றார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "எந்த அடிங்க சாமி?" என்றார்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். மேஸ்திரியின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீடு கட்டுகிறாரோ அவருடைய காலடியை அளந்து ஒரு கோல் வெட்டிக்கொள்வார்கள். அந்த வீடு முழுக்க அந்த அடிதான் கணக்கு. அவருடைய தகப்பனும் பாட்டனும் அப்படித்தான் கட்டினார்கள். "கட்டறவரு அடிதானுங்க அளவு. சாமி காலைக் கொஞ்சம் இப்படி வெய்யிங்க" என்று ஒரு வேங்கைக் குச்சியைத் தரையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வைப்பதுதான் முறை. மேஸ்திரி அதையும் சொன்னார். சாமியார், "இந்த அட்டைப் பூச்சிக் காட்டில் பூட்ஸைக் கழற்றுவதா? இப்படியே அள" என்று சிரித்துக்கொண்டே, ஆணி அடித்த அந்தப் பெரிய பூட்ஸை நங்கென்று குச்சியின் பக்கத்தில் வைத்தார். அவர் எவ்வளவு உயரம், எவ்வளவு பெரிய கால் என்று உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி குதிகால் முனையிலும் விரல் முனையிலும் குறி போட்டு வெட்டினார். நடுவில் பாதிக்கு ஒரு வெட்டு, ஓரத்தில் தன் அடையாளமாக மூன்று கீறல். அங்கே நின்றவர்கள் மூன்றே பேர். சாமியார், மேஸ்திரி, நான்.

சாமியார் அதை ஏதோ பூமி பூசை மாதிரியான சடங்கு என்று நினைத்துக்கொண்டார். மேஸ்திரி அதையே அளவு என்று எடுத்துக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் மனதும் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. சொன்னதைச் செய்யத்தான் சம்பளம், யோசிக்க அல்ல என்று இருந்துவிட்டேன்.

மேஸ்திரி அந்தக் கோலை வைத்து ஒரு நீள மூங்கிலில் அளவு குறித்துக்கொண்டு சுவரை எழுப்பினார். ஐயா, அது சுவர்! மலைக் கடுக்காயை ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் போட்டுச் சாந்து அரைத்தார். முன்புறத் தூண்களைச் செங்கல்லாலேயே உருட்டி, வெண்சாந்து பூசிக் கூழாங்கல்லால் தேய்த்தார். முகம் தெரிந்தது. ஊர்க்கவுண்டர் வந்து தூணைத் தொட்டுப் பார்த்து, "வழுவழுன்னு பூசணிக்காயாட்டம் இருக்குதுங்களே" என்றார். ஒன்றரை வருஷத்தில் வட்டச்சுவர் முழு உயரத்துக்கும் வந்துவிட்டது. இனி கும்மட்டம்தான் பாக்கி.

கும்மட்டத்தை வெறும் வெளியில் கட்ட முடியாது. கீழே மரத்தால் அச்சு நிறுத்தி, அதன்மேல் செங்கல்லை அடுக்கி, காய்ந்தபிறகு அச்சைப் பிரிக்கவேண்டும். அந்த அச்சை இங்கே செய்ய ஆள் இல்லை என்று சாமியார் சேந்தமங்கலத்துத் தச்சர் ஒருவரிடம் எழுதிக்கொடுத்தார். அவரிடம் இருந்தது கடையில் வாங்கின இங்கிலீஷ் அடிக்கோல். அதன்படி பதினெட்டு அடிக்கு அச்சு செய்து, எட்டுத் துண்டாகப் பிரித்து அனுப்பினார். முப்பது பேர் சுமந்து வந்தார்கள். சாரத்தில் ஏற்றிச் சேர்த்துப் பார்த்தால், அச்சுக்கும் சுவருக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி. தொட்டிலுக்குள் கிடத்திய பிள்ளை மாதிரி அது நடுவில் கிடந்தது.

சுமந்து வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அதுதான் வினையாயிற்று. சாமியார் முகம் வெளுத்துப்போயிற்று. மேஸ்திரி தன் கோலையும் அளவு மூங்கிலையும் எடுத்துவந்து, "சாமி பூட்ஸு அளவுதானுங்க, நீங்களே வெச்சுப் பாருங்க" என்றார். சாமியார் இரண்டையும் வாங்கிக்கொண்டார். மூங்கிலை முழங்காலில் வைத்து முறித்து எறிந்தார். வேங்கைக் கோலை அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுமந்து வந்தவர்கள் கூலியோடு கீழே இறங்கிப்போனார்கள், அதற்குப்பின் அந்தக் கோலை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரசங்கத்தின் நடுவில் சாமியார் வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார். மேஸ்திரி இந்து, பூசைக்கு உள்ளே வரமாட்டார். கொட்டகை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "இந்த மனிதனுக்கு அளக்கத் தெரியாது. கடவுளின் வீட்டைக் கெடுத்துவிட்டான். என் காலை அளந்தானாம், கோல் வெட்டினானாம். அப்படி ஒரு கோலே கிடையாது. கல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது, கொத்தனுக்குத் தெரியும். இனி எந்தக் கிறிஸ்தவனும் இவனுக்கு வேலை கொடுக்கவேண்டாம்."

மேஸ்திரி துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "கோலு இருந்துதுங்க. உபதேசியாரும் நின்னாருங்க. அவரக் கேளுங்க."

கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் கையிலிருந்த செபப் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். என் குடியிருப்பு சாமியார் கொடுத்தது, என் வேலை சாமியார் கொடுத்தது, என் மனைவி உயிரோடு இருப்பது அவர் கொடுத்த மாத்திரையால். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேஸ்திரி படியிறங்கிப் போய்விட்டார்.

மத்தியானம் அவர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். எந்த முகத்தோடு போனேனோ! அவர் என்னைத் திட்டவில்லை. பாதிக் கோயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சொவத்த இடிக்கச் சொல்லிப்போடாதீங்க. மேல நாலு வரி கல்லு வெய்யிங்க. ஒவ்வொரு வரியும் கீழ்வரியவிட மூணு வெரக்கடை உள்ள நீட்டி வெச்சா, நாலு வரிக்குப் பன்னெண்டு வெரக்கடை, ஒரு சாணு ஆச்சு. அச்சு அதும்மேல உக்காந்துக்கும். பாரத்துக்குப் பயமில்ல, அந்தச் சொவரு தாங்கும். வாரேனுங்க" என்றார். தன்னைத் துரத்தினவருடைய கட்டடம் நன்றாக வரவேண்டும் என்று நினைத்த மனுஷனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

சாமியாரிடம் போய் அதை அப்படியே சொன்னேன். யார் சொன்னது என்பதையும் சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கீழிருந்து வேறு கொத்தனார்களை வரவழைத்து, நாலு வரி, வரிக்கு மூன்று விரற்கடை என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். கும்மட்டம் எழும்பியது. அச்சைப் பிரித்தபோது ஒரு கீறல் விழவில்லை.

தலையைத் தூக்கிப் பாருங்கள். கும்மட்டம் தொடங்கும் இடத்தில் படிப்படியாக உள்ளே நீண்டிருக்கிறதே ஒரு கல்வளையம், இலை செதுக்கி வெள்ளையடித்து, பார்க்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கிறார்களே, அதுதான் அந்த நாலு வரி. பிஷப் மேற்றிராணியார் கோயிலை மந்திரித்துத் திறக்க வந்த நாளில் அண்ணாந்து பார்த்து, "இந்த வளையம்தான் இந்தக் கோயிலுக்கே அழகு, எப்படித் தோன்றியது உமக்கு?" என்று கேட்டார். கஸ்பார் சாமியார் கண் இமைக்காமல் சொன்னார்: "சுவரிலிருந்து கும்மட்டத்துக்கு ஏறும் கண்ணுக்கு நடுவில் ஓர் ஓய்வு வேண்டும், ஆண்டவரே." பக்கத்தில் தூபக்கலசத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அதைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று கை துடித்தது. எறியவில்லை, வழக்கம்போல.

அங்கமுத்து மேஸ்திரிக்கு அதன்பின் மேஸ்திரி வேலை கிடைக்கவில்லை. கிறிஸ்தவர்கள் கூப்பிடவில்லை என்பது இருக்கட்டும், மற்றவர்களும் கூப்பிடவில்லை. "மலைக்கோயில்ல ஒரு சாணு தப்பா கட்டுனவன்" என்று அடிவாரம் முழுக்கப் பரவிவிட்டது. சில வருஷம் கழித்து ஒரு மண்டி கட்டுகிற இடத்தில் அவரைப் பார்த்தேன். நேற்றுக் கொத்துக்கரண்டி பிடித்த பையன்களுக்குச் சாந்துச் சட்டி தூக்கிக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கீங்க மேஸ்திரி?" என்றேன். சட்டியை இறக்காமலே, "அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க. இவனுக சிரிப்பானுக" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு காரியம் உண்டு, கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். இந்த மலையில் பாவசங்கீர்த்தனம் கேட்க இருந்தவர் அவர் ஒருவர்தானே? வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் அவர் உள்ளே உட்கார்ந்து கேட்கும் மரத்தொட்டியருகே முழந்தாளிட்டு, "சாமி, குற்றமில்லாத ஒருவரை ஒருவர் சபையில் அவமானப்படுத்தினபோது, உண்மை தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை" என்பேன். உள்ளே பெருமூச்சுச் சத்தம் கேட்கும். "வேறு பாவம்?" என்பார். "வேறில்லை." "அபராதமாக மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லும்." இருபது வருஷம்! எனக்கு அவர் பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை தொட்டியை விட்டு வெளியே வந்தபின் வழிமறித்துக் கேட்டேன். "சாமி, பீடத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? அந்த மனுஷன் இன்னும் உயிரோடு இருக்கிறார்." அவர் மேலே கையைக் காட்டினார். "கும்மட்டம் நிற்கிறதா?" "நிற்கிறது." "அப்புறம் என்ன?" என்று போய்விட்டார். அதற்குப்பிறகு நான் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் அதே பதில்தான்.

அவர் செத்த அன்று, உடலுக்கு உடுத்தப் பூசை உடுப்பை எடுக்க அவருடைய மரப்பெட்டியைத் திறந்தேன். அடியில், அவர் பிறந்த ஊர்க்கோயிலின் படத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிச்சுருள். பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது சாமிமார் கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஊதாத் துணி, பழையது. பிரித்தேன். வேங்கைக் கோல். நடுவில் ஒரு வெட்டு, ஓரத்தில் மூன்று கீறல். "அப்படி ஒரு கோலே கிடையாது" என்ற மனுஷன் அதை எரிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை, இருபது வருஷம் மடித்து வைத்திருந்தார். அந்தத் துணிக்கு ஏதோ அர்த்தம் உண்டு என்று இளைய சாமியார் சொல்கிறார். இருக்கலாம். சாந்துச் சட்டி தூக்கினவருக்கு அந்த அர்த்தத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

சூசையை அப்போதே அடிவாரத்துக்கு அனுப்பினேன். "வரமாட்டேன் என்பார். கோல் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்" என்றேன். மறுநாள் அடக்கப் பூசைக்கு மணி அடிக்கும்போது அங்கமுத்து மேஸ்திரி தடியை ஊன்றிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். முட்டிவலிக்காரர், எங்கெல்லாம் உட்கார்ந்து எழுந்து வந்தாரோ! அன்றுபோலவே வாசலில் நின்றார். நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தேன். தன் சுவருக்குமேல் கும்மட்டத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

சாமியார்களைக் கிடத்தும்போது தலை பீடத்தின் பக்கமும் கால் சனங்களின் பக்கமும் இருக்கும். நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது அந்த ஆணி அடித்த பூட்ஸ். எத்தனையோ தரம் அடித்தட்டு மாற்றியிருப்பார், காலின் நீளம் மாறுமா? பூசை முடிந்து பெட்டியை மூட வந்தபோது நான் முன்னால் போனேன். கோலைத் தூக்கிக் காட்டினேன். "அன்றைக்குக் கோலே கிடையாது என்று இவர் சொன்னார். இதுதான் கோல். இவருடைய பெட்டியிலிருந்து எடுத்தேன். மேஸ்திரி வெட்டினபோது நானும் நின்றேன். அன்று கேட்டபோது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்" என்றேன். அடக்கப் பூசைக்காகக் கீழிருந்து வந்திருந்த வேறொரு சாமியார், "உபதேசியாரே, என்ன அநியாயம் இது, தள்ளிப் போம்!" என்று அதட்டினார். நான் குனிந்து கோலைப் பூட்ஸின் அடியோடு சேர்த்து வைத்தேன். குதிகாலிலிருந்து விரல் நுனிவரை, மயிரிழை கூடக் குறையவில்லை. ஊர்க்கவுண்டர் தடி ஊன்றி எழுந்துவந்து குனிந்து பார்த்தார். "அச்சாப் பொருந்துதுங்க. மேஸ்திரி சொன்னது நெசந்தானுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மேஸ்திரி பூட்ஸைப் பார்க்கவே இல்லை. தலையை அண்ணாந்து, விரலை நீட்டிக் கல்வளையத்தின் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "நாலு வரி. மூணு வெரக்கடை. சரியாத்தான் வெச்சிருக்கானுக" என்றார். பிறகு இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே, உபதேசியாரே."

கஸ்பார் சாமியார்மேல் இருபது வருஷம் எனக்கு இருந்த கோபத்தில் பாதி யாருக்குச் சேரவேண்டியது என்று அப்போது தெரிந்தது. கோலை அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கீறல்களைக் கட்டைவிரலால் தடவினார், பிறகு என்னிடமே நீட்டினார். "எனக்கெதுக்குங்க? நாங் கோலு புடிக்கிற வயசெல்லாம் போயிருச்சு. நீங்களே வெச்சுக்கங்க. கும்மட்டத்தப் பாக்க வாறவங்களுக்கெல்லாம் காட்டுங்க. எம் பேரையுஞ் சொல்லுங்க." வெயில் தாழுமுன் இறங்கவேண்டும் என்று, மண் போடும்வரை நிற்காமல் போய்விட்டார்.

பெரிய சாமியாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தக் கோல் ஒன்றுதான். அவரோடு அதையும் புதைத்துவிடலாம் என்று கீழிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், கொடுக்கவில்லை. இப்போது இதைப் படிக்கும்போதும் என் கையில்தான் இருக்கிறது. கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து நின்று இது யார் கட்டியது என்று கேட்கிறார்கள். கட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் கஸ்பார் சாமியார் என்று சொல்லிக் கீழே கல்லறையைக் காட்டுகிறேன். பிறகு கோலை எடுத்துக் காட்டி, சுவரை அளந்தவர் அங்கமுத்து மேஸ்திரி, சரியாகத்தான் அளந்தார் என்று சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.